ஓடம் மறைகிற இடம்

அத்தியாயம் 19

மொட்டை மாடியில் மிளகாய் காய வைப்பார்கள், வடகம் காய வைப்பார்கள். நாச்சியார் வீடியோ கேமைக் காய வைத்தாள்.

சாலைக் கடைத்தெருவில் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம் செய்கிற தளவாயின் மனைவி அவள். ஈரம் என்றால் வெயில், வெயில் என்றால் மாடி. முப்பது வருஷக் குடித்தனத்தில் அதற்கு மேல் ஒரு வைத்தியம் அவளுக்குத் தேவைப்பட்டதில்லை. திருவனந்தபுரத்து மழை ஈரம் பீரோவுக்குள் புகுந்துதான் அந்தக் கையடக்கப் பெட்டியின் திரையைக் கெடுத்திருக்கிறது என்று அவளாகவே முடிவு கட்டினாள். திங்கட்கிழமை வெயில் எட்டிப் பார்த்ததும், மிளகாய்ப் பாயின் ஓரத்தில் அதையும் மல்லாத்தி வைத்துவிட்டுக் கீழே வந்து பருப்பு வேகப் போட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பார்த்தால், திரை முழுக்கக் கருப்பு.

"முருகா, கொன்னே போட்டுட்டேனா?" என்று பாயிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நிழலுக்குக் கொண்டுவந்து முந்தானையால் விசிறியதும் கருப்பு மெல்ல வடிந்தது. ஆனால் திரையின் இடது பக்கம் ஏற்கெனவே செத்துக் கிடந்த கோடுகளோடு இன்னும் நாலைந்து கோடுகள் சேர்ந்து செத்திருந்தன. இப்போது மூன்றில் ஒரு பங்கு திரையில் ஒன்றுமே இல்லை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பெட்டி ஓடினால்தான் அவள் மகன் விஜய்குமார் வீட்டுப் படி ஏறுவான். அதையும் தெரிந்துகொண்டு சிரியுங்கள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் நடந்தது வாசகர்களுக்கு மறந்திருக்காது. கழக்கூட்டம் கம்ப்யூட்டர் கம்பெனியில் தன்னோடு வேலை பார்க்கிற ஸ்ரீலக்ஷ்மியை, கோட்டைக்குள் அக்ரஹாரத்து சேஷனின் மகளை, விஜய்குமார் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டான். சேஷன் வீட்டில் ஒரு வாரம் அழுதுவிட்டு ஒத்துக்கொண்டார்கள். தளவாய் அழவில்லை. "அந்தப் பொண்ணு முகத்துல நான் முழிக்க மாட்டேன். நான் இருக்கப்ப நீயும் இந்த வாசப்படி ஏறாதே" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் பெயரை அவர் வாயால் சொன்னதில்லை.

மகனும் ரோஷத்தில் அப்பாவுக்குச் சளைத்தவன் இல்லை. கழக்கூட்டத்தில் வாடகைக்கு ஒரு ஃபிளாட் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு மட்டும் போன் செய்வான்.

போன ஞாயிறு செய்த போனில்தான் குண்டைப் போட்டான்.

"அம்மா, வியாழக்கிழமை சிங்கப்பூர் போறோம். ரெண்டு பேருக்கும் கம்பெனியே அனுப்புது. மூணு வருஷம்."

நாச்சியாருக்குக் கையில் ரிசீவர் இருப்பதே மறந்துபோயிற்று.

"கேக்குதாம்மா? வேற ஒண்ணுமில்ல. பீரோவுல என் பழைய கேம் இருக்கும்லா, துபாய் மாமா கொண்டுவந்தது? அது ஓடுதா?"

"ஓடுதே. ஜோரா ஓடுது."

பொய். ஆனால் அந்த நேரத்தில் அவளுக்கு வேறென்ன வாயில் வரும்?

"அப்படின்னா வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து எடுத்துக்கிடுதேன். அப்பா கடையிலதானே இருப்பாரு? ஓடலைன்னா சொல்லிரு, வரல. சும்மா வந்து, அவரு கண்ணுல பட்டு, போற நாள்ல ஒரு சண்டை வேண்டாம்."

பெட்டி ஓடாது என்றால் பிள்ளையும் இல்லை. மூன்று வருஷத்துக்கு அவன் முகத்தை ஒருதரம் பார்க்க அவளுக்குக் கிடைத்த ஒரே சாக்கு, செத்துப்போன கோடுகளோடு உள்ளங்கையில் கிடந்தது.

திங்கள் வெயிலில் போயிற்று. செவ்வாய் ஹர்த்தால், ஈ காக்கை வெளியே இல்லை. புதன் விசாரித்ததில் பழவங்காடியில் ராகேல் என்று ஒருத்தி இருப்பதாகச் சொன்னார்கள். போனால் அவள் கடை பூட்டியிருந்தது. ஆக, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, பெட்டியை ஒரு டவலில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, அட்டக்குளங்கரை வீட்டைப் பூட்டிவிட்டு நாச்சியார் நடந்தாள்.

போகிற வழியிலேயே ஒரு ரகசியத்தை உங்களிடம் சொல்லிவிடலாம். அந்தப் பெட்டி பீரோவில் சும்மா கிடக்கவில்லை. மகன் காலேஜுக்குப் போன வருஷத்திலிருந்து அதை விளையாடி வருகிறவள் நாச்சியார்தான்.

ஒருவருக்கும் தெரியாது. மதியம் இரண்டு மணிக்கு, தெருவே சோற்று மயக்கத்தில் கிடக்கிற நேரத்தில், கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு பொத்தானை அமுக்குவாள். சத்தத்தை அடியோடு குறைத்துவிடுவாள். ஐம்பது வயதில் பொம்பளை வீடியோ கேம் விளையாடுகிறாள் என்று பக்கத்து வீட்டு முத்தாரம்மாளுக்குத் தெரிந்தால் போதும், ஆற்றுக்கால் வரைக்கும் சேதி போய்விடும்.

விளையாட்டு ஒன்றும் பிரமாதமில்லை. ஓர் ஆறு. அதில் ஓர் ஓடம். பாறையில் இடிக்காமல், மிதந்து வருகிற விளக்குகளைப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஆற்றுக்கு முடிவே கிடையாது. சண்டை இல்லை, சுடுகிறவர் இல்லை, யாரும் சாவதில்லை. இடித்தால் ஓடம் கொஞ்சம் சுழலும், பிறகு ஆட்டம் முடிந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் கோடு போயிற்று. பிறகு ஒவ்வொன்றாக. ஓடம் இடது பக்கம் போனால் அடையாளமே இல்லாமல் மறைந்துவிடும். நாச்சியார் அதற்கும் பழகிக்கொண்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று மனசுக்குள் எண்ணுவாள். நாலு சொல்லும்போது ஓடம் மறுபடி வெளியே வரும்.

அந்த மூன்று எண்ணுகிற நேரத்தில் அவள் எங்கே போவாள் என்று அவளுக்கே தெரியாது. சில நாள் விஜய்குமார் கைக்குழந்தையாக மடியில் கிடப்பான். சில நாள் இதுவரை பார்த்திராத ஏதோ ஒரு ஊரின் படித்துறை தெரியும். சில நாள் யாரும் வருவதில்லை, தண்ணீர் மட்டும் ஓடும். அப்படியே கண் சொக்கி, மூன்றரை மணிக்கு விழித்துக்கொண்டு, பெட்டியை பீரோவில் பழைய வேட்டிக்கு அடியில் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவாள்.

பழவங்காடி கணபதி கோவில் முன்னால் தேங்காய்கள் சிதறிக்கொண்டிருந்தன. எதிர்ச் சந்தில், ஒரு மாடிப்படிக்கு அடியில், ஒரு ஆள் உட்காருகிற இடத்தில் ராகேலின் கடை. வாட்ச், கால்குலேட்டர், டி.வி. ரிமோட். முப்பது வயதிருக்கும். மார்த்தாண்டத்துக்காரி. ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டே நிமிர்ந்தாள்.

"எத்தன வருஷமா இப்பிடி இருக்கு அக்கா?"

"ரெண்டு வருஷம். திங்கக்கிழமைதான் ரொம்பப் போச்சு. வெயில்ல வச்சேன்."

லென்ஸ் கண்ணிலிருந்து கீழே விழுந்தது. "வெயில்லயா?"

"மிளகாகூட."

ராகேல் சிரித்த சிரிப்பில் மேலே மாடிப்படியில் போனவர் நின்று குனிந்து பார்த்தார். நாச்சியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாலு நாளில் முதல் சிரிப்பு.

"பேடிக்கண்டா அக்கா, பயப்படாதீங்க. நீங்க நெனச்சது பாதி சரிதான். இதுக்குச் சூடுதான் மருந்து. எடம் தெரிஞ்சு வைக்கணும், அவ்வளவுதான். இந்தக் கண்ணாடிக்குக் கீழ நாடா மாதிரி ஒண்ணு ஒட்டியிருக்கும். அது வழியாத்தான் ஒவ்வொரு கோட்டுக்கும் கரண்டு போவுது. பசை விட்டுப்போனா கோடு செத்துரும். சூட்டுக்கோலை மெதுவா ஓட்டினா திரும்ப ஒட்டிக்கும்."

"சூடு கூடிப்போனா?"

ராகேல் சிரிப்பை நிறுத்தினாள். "கூடிப்போனா முழுசும் போயிரும். வேற கண்ணாடி இந்த ஊர்ல எங்கயும் கிடைக்காது. யோசிச்சுச் சொல்லுங்க. அப்பிடியே வேணும்னாலும் கொண்டு போலாம்."

நாச்சியார் எதிரே கோவிலைப் பார்த்தாள். ஒரு தேங்காய் உடைந்தது. பாதித் திரையோடு கொடுத்தால் அவன் வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்ல மாட்டான். அம்மா பொய் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறாள் என்று மட்டும் நினைத்துக்கொண்டு விமானம் ஏறுவான். அதை மூன்று வருஷம் தாங்க முடியாது.

"வைம்மா" என்றாள்.

பின்பக்கத்து ஆணிக்கு எந்தத் திருப்புளியும் சேரவில்லை. மூன்று காலுள்ள ஆணி. ராகேல் ஒரு பேனா மூடியைத் தீக்குச்சியில் உருக்கி, இளகின பிளாஸ்டிக்கை ஆணித் தலையில் அமுக்கி, ஆற விட்டுத் திருகினாள். ஆணி சமர்த்தாக வெளியே வந்தது. நாச்சியார் வாயைத் திறந்தவள் மூடவில்லை.

பெட்டியைத் திறந்துபோட்டு, உயிரோடு ஓட விட்டுக்கொண்டே, கண்ணாடியின் அடி ஓரத்தில் சூட்டுக்கோலின் நுனியை வைத்தாள். மெதுவாக இழுத்தாள். குழந்தையின் நகம் வெட்டுகிறவள் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தேங்காய்ச் சத்தத்துக்கும் கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள்.

ஒரு கோடு வந்தது. பக்கத்தில் இன்னொன்று. மூன்றாவது வந்து, மினுக்கிவிட்டுப் போய், திரும்பி வந்தது.

நாச்சியார் குனிந்து பார்த்தாள். ஆற்றுக்கு இடது கரை ஒன்று இருந்தது அவளுக்கு மறந்தே போயிருந்தது. இப்போது அது கோடு கோடாக வந்தது. முதலில் நாணல். பிறகு ஒரு மரம். பிறகு ஒரு சின்ன வீடு, அதன் ஜன்னலில் ஒரு விளக்கு. இரண்டு வருஷமாக அவள் ஓடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிப்போனது இந்த வீட்டுக்கு முன்னால்தான். சந்து, தேங்காய், பஸ் ஹாரன் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டன.

"ஓட்டிப் பாருங்க அக்கா."

நாச்சியார் ஓட்டினாள். ஓடம் இடது பக்கம் போனதும் பழக்கதோஷம், "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணிக்கொண்டே கண்ணை மூடிவிட்டாள். நேராகப் போய்ப் பாறையில் இடித்தாள்.

"கண்ணு தெரிஞ்ச பொறவுதான் இடிக்கியளோ!" என்று ராகேல் மறுபடி சிரித்தாள். "இருங்க, கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். சூடு தாங்குதான்னு பாக்கணும்."

சும்மா வைத்திருந்ததால்தான் அந்தப் பக்கம் வந்தது. ஆட்டத்தைத் தொடங்காமல் ஒரு நிமிஷம் விட்டால் அதுவாகவே வருகிற மதிப்பெண் பட்டியல். நாச்சியார் என்றைக்கு ஒரு நிமிஷம் காத்திருந்தாள்? போட்டதும் ஓடத்தில் ஏறிவிடுவாள். ஆட்டம் முடிந்தால் அணைத்துவிடுவாள்.

மூன்று வரிகள். இடது பக்கம் பெயர், வலது பக்கம் எண். மூன்றிலும் ஒரே பெயர், இங்கிலீஷ் பெரிய எழுத்தில்.

விஜய் 48,200.
விஜய் 44,650.
விஜய் 31,450.

"விஜய்ங்கது யாரு அக்கா?"

"மவன்."

"கெட்டிக்காரன்தான்."

மூன்றாவது எண் நாச்சியாருக்கு மனப்பாடம். பத்தாம் வகுப்பில் அவன் எடுத்தது. பீரோக் கதவின் உள்பக்கம் பென்சிலில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டு வைத்திருக்கிறான். அதற்கு மேல் எடுக்கவே முடியாது என்று காலேஜ் போகிறவரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தான். அப்படியானால் மேலே இருக்கிற இரண்டும் யாருடையது? அவள் இருபதாயிரத்தைத் தாண்டியதில்லை. பெயர் எழுதியதும் இல்லை.

"இந்தப் பேரை எப்பிடிம்மா எழுதுதது?"

"ஏ-யில ஆரம்பிக்கும் அக்கா. ஒரு அமுக்குக்கு ஒரு எழுத்து. வி வரணும்னா இருபத்தோரு தடவ அமுக்கணும்." ராகேல் திரையின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "ஆனா பேரு வார எடம்தான் செத்துக் கிடந்துச்சே. எழுதினவங்களுக்கு எழுத்தே தெரிஞ்சிருக்காது. மனசுக்குள்ள எண்ணி எண்ணித்தான் அமுக்கியிருக்கணும்."

வீட்டில் இருப்பது இரண்டே பேர்.

நாச்சியாருக்கு முதலில் வந்தது கோபம்தான். பாவி மனுஷா, பேரைச் சொல்ல வாய் வரவில்லை, எண்ணி எண்ணி எழுத மட்டும் விரல் வருகிறதா? ஏழு மாதமாக விடியற்காலை நாலு மணிக்கே அவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கூடத்தில் உட்கார்ந்திருப்பார். சாமி கும்பிடுகிறார் என்று நினைத்து அவள் புரண்டு படுத்துக்கொள்வாள். அவர் ஓடம் விட்டுக்கொண்டிருந்திருக்கிறார். விளையாடிவிட்டு, அந்தப் பழைய வேட்டிக்கு அடியில், எடுத்த இடத்திலேயே வைத்திருக்கிறார். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே இடத்தில் எடுத்து ஒரே இடத்தில் வைத்திருக்கிறார்கள்.

பிறகு கோபம் போய் அழுகை வந்தது. ராகேல் ஆணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

நாச்சியார் வீட்டுக்குப் போகவில்லை. நேரே சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தாள்.

ஆயுத பூஜைக்கு மட்டும் கடைக்கு வருகிற பெண்டாட்டி சாதாரண வியாழக்கிழமை வந்து நின்றதும் தளவாய் தராசிலிருந்து கையை எடுத்தார்.

"என்ன, இங்க வந்து நிக்க? உடம்புக்கு முடியலையா?"

அவள் பெட்டியை எடுத்து மேஜையில் அவர் முன்னால் வைத்து, பொத்தானைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். இந்த முறை ஒரு நிமிஷம் முழுசாகக் காத்திருந்தாள்.

தளவாய் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். பட்டியல் வந்தது.

"அந்தக் கோடெல்லாம் எங்க போச்சு?" என்றார், தன்னை மறந்து.

"எந்தக் கோடு?"

தளவாய் இருமினார். மிளகாய்க் கடையில் ஒரு சௌகரியம், எப்போது வேண்டுமானாலும் இருமலாம், கண்ணும் கலங்கலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள்.

"சும்மா... நாலு மணிக்கே முழிப்பு வந்துருது. நேரம் போகல" என்றார் கடைசியில்.

"நேரம் போகலைன்னா உங்க பேரை எழுத வேண்டியதுதானே?"

அவர் மிளகாய் ஒன்றை எடுத்துக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு எட்டரைக்கு பிளேன். மூணு வருஷம்" என்றாள் நாச்சியார். "இதைத்தான் கேட்டான். வேற ஒண்ணும் கேக்கல."

"தெரியும். சேஷன் கோவில்ல வச்சுச் சொன்னாரு."

'நாலு மணிக்கு அவன் வீட்டுக்கு வாரான்' என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முழுங்கிவிட்டாள். முப்பது வருஷமாக அவள் கண்ட மனிதர் இவர். வா என்றால் போவார், போ என்றால் வருவார். மகன் வருகிறான், நீங்களும் வாருங்கள் என்று சொன்னால், இறங்கிப் போகிறவன் நானா என்று சாயங்காலம் வரைக்கும் கல்லாவை விட்டு அசைய மாட்டார். தானாக வந்த மாதிரி வரவேண்டும். அதற்கு ஒரே வழி, ஒன்றும் சொல்லாமல் வரவழைப்பது.

"நாலு மணிக்குக் காப்பி குடிக்க வீட்டுக்கு வந்துருங்க."

"என்னைக்கு நான் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்திருக்கேன்?"

"இன்னைக்கு வாங்களேன். குறைஞ்சா போயிரும்?"

"கோவில்பட்டி லோடு வருது. பாப்போம்." பெட்டியை அவள் பக்கம் தள்ளினார். தள்ளின கை உடனே திரும்பிப் போகவில்லை. "வெயிலாயிருக்கு, ஆட்டோவுல போ" என்றார்.

அது போதும் என்று நாச்சியார் நினைத்தாள். இத்தனை வருஷம் அவரைப் படித்த படிப்பில் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நாலு மணிக்கு மூன்று டம்ளர்கள் அடுப்பு மேடையில் தயாராக இருந்தன. நாலு அடித்து இரண்டு நிமிஷத்தில் நண்பனிடம் இரவல் வாங்கிய பைக்கில் விஜய்குமார் வந்து இறங்கினான். வாசலில் செருப்புகளைப் பார்த்துவிட்டுத்தான் படி ஏறினான்.

"அப்பா இல்லைதானே?"

"கடையில இருக்காரு. வாய்யா."

மெலிந்திருந்தான். மீசையைக் குறைத்திருந்தான். நாச்சியார் அவன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அழக்கூடாது என்று உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துவந்தாள். அவன் கையில் கொடுத்து, "ஒண்ணும் அமுக்காதே. சும்மா வச்சுக்கிட்டு இரு" என்றாள்.

"எதுக்கும்மா?"

"இரேன்."

பட்டியல் வந்தது. விஜய்குமார் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான்.

"இது நான் எடுத்ததில்லையே. நீயா?"

"எனக்கு ஏது அந்த சாமர்த்தியம்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். மறுபடி திரையைப் பார்த்தான். பிறகு கூடத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டான். எட்டு வயதில் உட்கார்ந்த மாதிரியே முழங்காலைக் கட்டிக்கொண்டான். வெளியே சிணுசிணுவென்று மழை பிடித்தது. அம்மாவும் மகனும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்து நிமிஷமும் வெயிலா மழையா, நேற்றா இன்றா என்று நாச்சியாருக்குத் தெரியவில்லை.

"அப்பாவை வரச் சொல்லியிருக்கேன்" என்றாள். "நீ வாரதைச் சொல்லல. காப்பிக்குன்னு சொன்னேன்."

"வருவாரா?"

"வருவாரு."

நாலேகால் ஆயிற்று. நாலு இருபது. காப்பி ஆறி ஆடை கட்டியது. விஜய்குமார் தன் மொபைலை எடுத்துக் கடை நம்பரைப் போட்டான். மணி அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. வியாபார நாளில் அந்த போன் எடுக்கப்படாமல் போனதே கிடையாது.

"எடுக்க மாட்டாரும்மா. யாருன்னு அவருக்குத் தெரியும்." எழுந்துவிட்டான். "ஸ்ரீ தனியா பேக் பண்ணிக்கிட்டு இருக்கா. ஆறு மணிக்கு ஏர்போர்ட்ல நிக்கணும். நான் கழக்கூட்டம் போயி அவளையும் கூட்டிக்கிட்டு வரணும், ரோடு வேற பிளாக்கா இருக்கும்."

 நாச்சியார் தன்னைக் கெட்டிக்காரி என்று நினைத்தாளே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், வருவதானால் வந்திருப்பார், வராவிட்டாலும் தெரிந்தாவது போயிருக்கும். "இருய்யா, அஞ்சு நிமிஷம்" என்று அவன் கையைப் பிடித்தாள். அவன் மெதுவாக விடுவித்துக்கொண்டு படி இறங்கி, பைக் சாவியை எடுத்தான்.

மொபைல் அடித்தது.

"சொல்லு ஸ்ரீ... என்னது?... யாரு?" அவன் முகம் வெளுத்தது. "அங்கயா? அவருக்கு நம்ம வீடு எப்படித் தெரியும்?"

"யாருல?" என்றாள் நாச்சியார்.

"அப்பா. கடையை ரெண்டு மணிக்கே பூட்டிட்டு பஸ் ஏறிட்டாராம். சேஷன் மாமாகிட்ட விலாசம் கேட்டுக்கிட்டு, கழக்கூட்டத்துல எங்க வீட்டு வாசல்ல நிக்காரு."

நாச்சியார் போனைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். அந்தப் பக்கம் கொஞ்சம் மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஒரு மெல்லிய குரல். ஏழு மாதத்தில் முதல் தடவை.

"அம்மா... நான் ஸ்ரீலக்ஷ்மி."

"சொல்லும்மா."

"உள்ள வாங்கோன்னு மூணு தரம் கூப்பிட்டுட்டேன். வரமாட்டேங்கறார். வாசல்லயே நிக்கறார். மழையில நனைஞ்சுண்டு வந்திருக்கார். கையில ஒரு பொட்டலம். பாட்டரியாம், நாலு டஜன். அந்த ஊர்ல கிடைக்குமோ என்னமோன்னு வாங்கிண்டு வந்தாராம். எங்கிட்ட தரவும் மாட்டேங்கறார், போகவும் மாட்டேங்கறார். என் முகத்தைப் பாக்காம சுவத்தையே பாத்துண்டு நிக்கறார்."

நாச்சியாருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "என்னன்னு கூப்பிட்ட அவரை?"

"சார்னு."

"சார்னா?"

"வேற என்னன்னு கூப்பிடணும்னு யாரும் எனக்குச் சொல்லலையே அம்மா."

 அந்தப் பெண் சொன்னது நியாயம். ஏழு மாதம் ஞாயிறு தவறாமல் நாச்சியார் மகனோடு பேசினாளே, ஒரு தரமாவது போனை அவளிடம் கொடு என்று கேட்டாளா? கோபம் அவருடையது என்று சொல்லிக்கொண்டு அதன் நிழலில் அவளும்தான் நின்றுகொண்டிருந்தாள். வெட்கத்தில் காது சுட்டது.

"மாமான்னு கூப்பிடு தாயி" என்றாள். "நான் சொன்னேன்னு கூப்பிடு. போனை வைக்காதே, எனக்குக் கேக்கணும்."

சொல்லிக்கொண்டே செருப்பு போட மறந்து தெருவில் இறங்கி, மகனுக்குப் பின்னால் பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். கதவு திறந்து கிடந்தது. அதுவரை ஜன்னல் வழியே எல்லாம் பார்த்துக்கொண்டிருந்த முத்தாரம்மாளைப் பார்த்து, "வீட்டைப் பாத்துக்கிடுங்க!" என்று கத்தினாள். "விடுல வண்டியை!"

மணி நாலே முக்கால். கழக்கூட்டத்துக்குப் போக முக்கால் மணி நேரம், வழி விட்டால்.

காதோடு அழுத்திய போனில் கொலுசுச் சத்தம் நடந்து போயிற்று. ஒரு கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. அங்கேயும் மழை.

"மாமா, உள்ள வாங்கோ."

ஒன்றும் கேட்கவில்லை. வண்டி அட்டக்குளங்கரை முக்கைத் திரும்பி, கிழக்குக் கோட்டை பஸ்களுக்கு நடுவில் புகுந்தது. நாச்சியார் மற்றொரு காதையும் பொத்திக்கொண்டாள். பிறகு கேட்டது, ரொம்பத் தூரத்திலிருந்து, மிளகாய் நெடி ஏறிய மாதிரிக் கரகரத்துப்போன குரலில்.

"காலு கழுவ தண்ணி எங்கம்மா இருக்கு?"